மூன்று படகுகளில் ஒரே தையல்

மாமாவின் படகுக்குள் என் பேனா மூடிவரை இறங்கியபோதுதான் அந்த யோசனை வந்தது.

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் தெல்தெனியப் பக்கக் கரையில் அந்தப் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். நீர்கொழும்புக் கடலில் ஓடி ஓய்ந்த பழைய ஃபைபர் படகு. மீன் ஏற்றப் போன லொறி ஒன்றில் மலையேறி வந்தது. மாமா என் அம்மாவின் தம்பி. அதில்தான் திலாப்பியா பிடிக்கிறார். படகின் வால் முனையில் மோட்டர் மாட்டுவதற்கென்று ஒரு தடித்த பின்பலகை இருக்கும். வெளியே ஃபைபர், உள்ளே பலகை. ஃபைபர் வெடித்திருந்த ஓர் இடத்தில் சும்மா பேனாவால் குத்திப் பார்த்தேன். தேநீரில் ஊறிய பிஸ்கட்டில் குத்தியதுபோல் இருந்தது.

"போச்சா?" என்றார் மாமா.

"போகல மாமா. ஏற்கெனவே போயிருக்கு."

மாமாவால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. துடுப்புப் போட்டே போன தோள். கரண்டில் ஓடும் சின்ன மோட்டர் ஒன்று மாட்டினால் அவர் இன்னும் பல காலம் தண்ணீரில் இருக்கலாம். ஆனால் மோட்டரைத் தாங்கப் பலமான பின்பலகை வேண்டும்; பட்டரி வைக்க இடம் வேண்டும். ஒட்டுப் போடாமல் வாலையே வெட்டி எடுத்துவிட்டால் என்ன? பின்பலகை, அதற்கு முன்னால் தண்ணீர் வடியும் தொட்டி, கால் வைக்கும் தட்டு, தட்டுக்கு அடியில் பட்டரி அறை, எல்லாவற்றையும் ஒரே துண்டாகச் செய்து பழைய உடம்பில் பூட்டினால்? நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் லீவுப் படிவத்தின் பின்பக்கத்திலேயே வரைந்துவிட்டேன். லீவு கிடைக்கவில்லை. படம் கிடைத்தது.

வரைய எனக்குத் தெரியும். தொழில்நுட்பக் கல்லூரியில் அதைத்தான் படித்தேன். ஃபைபர் வேலை தெரியாது. அப்படித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பல்லேகல கைத்தொழிற்பேட்டையிலிருந்து குண்டசாலைக்கு இறங்கும் பக்கம் ஒரு தகரக் கொட்டகை அவருடையது. எங்கள் ஊரில் கைவேலை தெரிந்த எல்லாரும் 'பாஸ்'தான். ஆகவே அவர் 'ஃபைபர் பாஸ்'. வயது நாற்பது இருக்கும். நான் 'அண்ணே' என்றேன். முதல் நாள் படத்தை நீட்டியபோது அவர் அதைப் பார்க்கவேயில்லை. என் ஸ்கூட்டியைச் சுற்றி வந்தார்.

"இந்த சைட் கண்ணாடிக் கூடு இப்ப வர்றதில்ல புள்ள. அச்சு எடுத்துக்கவா?"

நான் சிரித்து முடிப்பதற்குள் மார்ஜரின் டப்பாவைத் திறந்து களிமண் உருண்டையை எடுத்து, கூட்டின் மேல் அப்பிவிட்டார். அந்த டப்பா எப்போதும் அவர் பையில் இருக்கும். மற்றவர்கள் வெற்றிலை வைத்திருப்பதைப்போல.

எதைப் பார்த்தாலும் அச்சு எடுத்துவிடுவார். ஒரு திரீவீலர்காரர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவருடைய பின் விளக்கை அச்சு எடுத்திருக்கிறார். கண்டியில் ஒரு ஹோட்டலுக்குக் கல்யாணத்துக்குப் போனவர், முழங்கைவரை களிமண்ணோடு வெளியே வந்தார். கழிவறையில் கைகழுவும் பேசின் அவ்வளவு அழகாம். "பொண்ணு மாப்பிள்ளையப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டதற்கு, "எங்க பாத்தேன், அந்த பேசினோட வளைவு இருக்கே..." என்று ஆரம்பித்தாராம். இதை அவரே சொல்லிச் சிரித்தார்.

"உலகத்துல எல்லாத்துக்கும் ஒரு வெளிப்பக்கம் இருக்கு புள்ள. வெளிப்பக்கம் இருந்தா அச்சு எடுத்திடலாம்" என்பார்.

பேச்சையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்து ஆள் வந்தால் "ஓம், நாளைக்கு வாறன்" என்பார். கெலிஓயாவிலிருந்து வரும் முஸ்லிம் ஹார்ட்வெயார்க்காரரிடம் "என்ன நானா, சொகமா ஈக்கிறீங்களா?" என்பார். சிங்களத்தில் பேசும்போது தலையாட்டுவதுகூட வேறு மாதிரி. என்னோடு அச்சு அசலாக எங்கள் மடுல்கெல்லத் தோட்டத்துப் பேச்சு. அதனாலேயே அவரை எங்கள் பக்கத்து ஆள் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். எந்த ஊர் என்று கேட்கவே தோன்றவில்லை.

கொட்டகைச் சுவரில் வரிசையாகக் குட்டிப் பாதங்கள் தொங்கும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகளின் வலது பாதத்தை அச்சு எடுத்து மாட்டுவார். எட்டுப் பாதங்கள். மூன்றாவதில் சுண்டு விரல் மட்டும் மங்கலாக இருக்கும். அந்த வருடம் பிள்ளை கூசிச் சிரித்துக் காலை இழுத்துவிட்டதாம். வேலை தொடங்கிய இரண்டாவது வாரம் என் கையையும் பிடித்துக் களிமண்ணில் அமுக்கினார். "இதுவும் நம்ம வீட்டுப் புள்ள கைதானே." அந்தக் கை எட்டாவது பாதத்துக்குப் பக்கத்தில் ஏறியது. பல்லேகலையில் ஒரு வாடகை அறையைத் தவிர எனக்கு வேறு எதுவும் இல்லாத காலம் அது.

படகைக் கொட்டகைக்கே ஏற்றி வந்தோம். சனி பின்னேரமும் ஞாயிறும் வேலை. கிரைண்டரால் பின்பலகையை வெட்டித் திறந்தபோது உள்ளிருந்து உப்பு வாசனை அடித்தது. கண்டியில் நின்றுகொண்டு கடலை மணந்தோம். அழுகிய பலகையைக் கரண்டியால் சுரண்டி எடுத்தோம். புதுப் பலகை வைத்து, ஃபைபர் பாயை அடுக்கடுக்காகப் போட்டு, ரெசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழிகளை விரட்டினோம். ரெசினில் ஹார்ட்னர் கலப்பதை மட்டும் அவர் என்னிடம் தரவேயில்லை. "கூடினா சூடேறி வெடிச்சிடும், குறைஞ்சா காயாது. விடு, நான் பாத்துக்கிறேன்."

தட்டு வழுக்கக் கூடாது. ஈரக் காலோடு வலை இழுக்கிற இடம் அது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்குச் சாக்கை வாங்கி வந்தேன். ஈரமான மேல் பூச்சின் மேல், சோறு கட்டும் லஞ்ச் சீட்டை விரித்து, அதன்மேல் சாக்கைப் போட்டு, கல் வைத்து அமுக்கினோம். சாக்கின் பின்னல் அப்படியே தட்டில் பதிந்தது. "என் சாக்க வெச்சு போட்டு செய்றாளாம்" என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் பேச்சில் படகு 'போட்டு'.

அவசரத்தில் ஒரு பிழை செய்தேன். சாக்கின் ஒரு மூலையில் அம்மா ஒட்டுத் துணி வைத்துத் தைத்திருந்த பக்கம் கீழே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால், தட்டின் இடது மூலையில் அந்த ஒட்டின் விளிம்பும் ஏழு தையலும் பதிந்திருந்தன. ஏழாவது தையல் கோணல். தேய்த்து எடுக்கப் போன என் கையை அவர் பிடித்தார்.

"இருக்கட்டும் புள்ள. அம்மா கை வேலைதானே."

இவ்வளவு நல்ல மனிதரா என்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் "காயட்டும்". மே மாதம் முழுக்கக் காய்ந்தது. இத்தனை நாள் தேவையில்லை என்று தேடிப் படித்துவிட்டுப் போய்ச் சொன்னேன். "உன் ஃபோன்ல அடிக்கிற வெயிலு கண்டியில அடிக்காது புள்ள" என்றார். ஜூனிலும் காய்ந்தது. ஒரு ஞாயிறு, மகளின் பள்ளியில் விளையாட்டுப் போட்டி, வராதே என்றார். அடுத்த ஞாயிறு, பல்வலி, வராதே என்றார். அதற்கடுத்த வாரம் போனபோது வால் முழுக்க மினுங்கியது. முகம் பார்க்கலாம் போல.

"என்னண்ணே இப்படிப் பளபளன்னு?"

"மெழுகு போட்டு நாலு தடவ தேச்சேன். உன் போட்டு புதுப் பொண்ணு மாதிரி இருக்க வேணாமா?"

அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அச்சு எடுப்பதற்கு முன்னால் அசலுக்கு மெழுகு போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பளபளப்பை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் படகு தண்ணீரில் இறங்கியது. மோட்டர் சத்தமே இல்லாமல் தள்ளியது. மாமா நடுத் தண்ணீரில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, வலது தோளைத் தடவியபடி, ஏதோ தப்புச் செய்கிறவர்போல் சுற்றிப் பார்த்தார். "சும்மா உக்காந்திருக்கேன் புள்ள, அது பாட்டுக்குப் போகுது!"

அந்தச் சூட்டோடு, இளைஞர்களின் கண்டுபிடிப்புகளுக்கென்று கண்டியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள். படங்களையும் வரைபடங்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றேன். நடுவர்களில் ஒருவர் நீர்த்தேக்கப் பக்கம் அடிக்கடி போகிறவராம். என் படங்களைப் புரட்டிவிட்டுத் தன் ஃபோனை எடுத்துக் காட்டினார்.

"இதே மாதிரி அங்க ஜூலைலயே ஓடுதே தங்கச்சி. நீங்க ஆகஸ்ட்னு எழுதியிருக்கீங்க. பாத்துச் செய்றது தப்பில்ல. கண்டுபிடிப்புன்னு எழுதுறதுதான் தப்பு."

ஃபோனில் வேறு யாருடையதோ படகு. மஞ்சள் உடம்பு. வால் மட்டும் என்னுடையது. அதே தொட்டி, அதே பட்டரி அறை. படத்தை விரலால் பெரிதாக்கினேன். இடது மூலையில் ஏழு தையல். ஏழாவது கோணல்.

அந்த இடத்தில் நான் கத்தியிருக்க வேண்டும். இது என் அம்மாவின் தையல், மடுல்கெல்லைக்கு வாருங்கள், சாக்கைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் படித்தவள், வேகமாகப் பேசுகிறவள், ஒரு கொப்பியடித்த பிள்ளையைப்போல மேசையிலிருந்த தாள்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மெழுகு, பல்வலி, விளையாட்டுப் போட்டி எல்லாம் வாவிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் ஒவ்வொன்றாக விளங்கின.

நேரே கொட்டகைக்குப் போனேன். அவர் ஒரு பஸ் பம்பருக்கு ரெசின் பூசிக்கொண்டிருந்தார். மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே அது சாய்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தேன். என் வாலின் அச்சு. மேடெல்லாம் பள்ளமாக, பள்ளமெல்லாம் மேடாக.

"எத்தன அண்ணே?"

"எது எத்தன?"

"வாலு."

"மூணு. நாலாவதுக்கும் சொல்லியிருக்காங்க." ஒளிக்கவேயில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். "பழைய போட்டு வெச்சிருக்கவனெல்லாம் வந்து நிக்கிறான் புள்ள. எல்லாருக்கும் பின்னுக்குத்தானே அழுகுது."

"எங்கிட்ட கேக்கலியே."

"கேட்டா குடுத்திருக்க மாட்டியா?"

கொடுத்திருப்பேன். அதுதான் இன்னும் எரிந்தது.

"எங்க போட்ட ரெண்டு மாசம் காய வெச்சீங்களே, இதுக்குத்தானா?"

அவர் தூரிகையை ரெசினில் முக்கினார். "அச்சு எடுத்தா அசல் குறையாது புள்ள."

"எனக்குக் குறைஞ்சிருச்சு. நான் கொப்பியடிச்சேன்னு சொல்லிட்டாங்க. என் போட்டயே பாத்து நான் செஞ்சேனாம்."

முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "அவனுங்களுக்கு என்ன தெரியும். பாஸ்தான் என்னோடத எடுத்தாருன்னு நீ சொல்ல வேண்டியதுதானே."

"நீங்க வந்து சொல்லுங்க. நாளைக்கே போவோம்."

கை நின்றது. "அங்கல்லாம் நான் எதுக்கு? படிச்சவங்க இருக்கிற எடம். எனக்கு அவங்க மாதிரி பேச வருமா?"

"உங்களுக்கா? யார் மாதிரி பேச வராது உங்களுக்கு?"

அது பட்டது. தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, உண்மையிலேயே என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "கெட்ட சாமான யாராவது அச்சு எடுப்பானா புள்ள? நல்லா இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

அந்த நேரத்திலும் அது மடுல்கெல்லப் பேச்சாகவே இருந்தது. "நீங்க எந்த ஊரு அண்ணே?" என்று கேட்டேன். அவர் தூரிகையை எடுத்து மறுபடி பம்பரில் பூச ஆரம்பித்தார். சுவரில் என் கை தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிக்கொண்டு போகலாம் என்று எட்டினேன், விட்டுவிட்டேன். கொண்டுபோனால் மட்டும் என்ன, அச்சு அவரிடம்தானே இருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் இரண்டு நாள் விடாமல் மழை. மாமா ஃபோனில் கூப்பிட்டார். "புள்ள, போட்டு உக்காந்திருச்சு."

போய்ப் பார்த்தேன். இந்த நீர்த்தேக்கத்தில் படகை நங்கூரம் போட்டு மிதக்க விடுவதில்லை. முன்பக்கத்தைச் சேற்றுக் கரையில் இழுத்துப் போட்டு ஒரு மரத்தில் கட்டுவார்கள். முன்பக்கம் மேலே, வால் கீழே. வாலிலுள்ள தொட்டிக்கு வடிகால் துவாரத்தை நான் அடியிலிருந்து இரண்டு அங்குலம் உயரமாக வைத்திருந்தேன். பின்னாலிருந்து அலை ஏறக் கூடாதென்று நினைத்தேன். நான் பார்த்த வரைபடமெல்லாம் கடல் படகுகளுடையவை. மேலிருந்து கண்டி மழை கொட்டும் என்பதை, இந்த மழையிலேயே பிறந்து வளர்ந்த நான் நினைக்கவில்லை. மழைத் தண்ணீர் துவாரத்துக்குக் கீழே தேங்குகிறது. பாரத்தில் வால் தாழ்கிறது. தாழ்ந்ததும் அதே துவாரத்தால் நீர்த்தேக்கம் உள்ளே வருகிறது. பட்டரி இரண்டும் போய்விட்டன. மாமா மறுபடியும் துடுப்பை எடுத்துக்கொண்டார். அதுதான் தாங்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. மற்ற மூன்று படகுகளிலும் அந்தத் துவாரம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் வந்தது சந்தோஷம். மூழ்கட்டும். ஊர் முழுக்கப் போய் அவர் கொட்டகை வாசலில் நிற்கட்டும். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தோடு வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் மாமாதான் சொன்னார், அந்த மஞ்சள் படகில் மீன் பிடிக்கும் முஸ்லிம் நானா ஒருவர் காலையில் தன் இரண்டு மகள்களையும் அதில்தான் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறார் என்று.

நானாவின் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, நானே புதுத் துவாரம் போட்டுத் தருகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸ் செஞ்ச போட்டுல நீங்க ஏன் ஓட்ட போடோணும்?"

"அத வரைஞ்சது நான் நானா. பிழையும் என்னோடது."

"அவர் நீர்கொழும்பு டிசைன் எண்டெல்லோ சென்ன."

நீர்கொழும்பு! என் பெயரை விட்டதுகூடப் பரவாயில்லை, எங்கோ தூரத்துக் கடற்கரைக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு, படகைப் பார்க்காமலேயே, துவாரம் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், தண்ணீர் எங்கே தேங்கும் என்று சொல்லி முடித்தேன். நானா மூத்த மகளைப் பார்த்தார். "ஓம் வாப்பா, அங்கதான் நிக்கிற. என்ட சப்பாத்து நனையிற" என்றாள் அவள்.

"தண்ணி நிக்கிறெண்டு பாஸ்கிட்டயும் கேட்ட" என்றார் நானா. "காயட்டும் எண்டு சென்ன."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும். நானா சரி என்று தலையாட்டினார். அதுவரை பிள்ளைகளை வீதியால் அனுப்புவதாகச் சொன்னார். மற்ற இரண்டு பேரிடமும் அவரே பேசுவாராம். "பிழையெண்டு வந்து செல்ற ஆள இப்பதான் காணுற" என்றார்.

வருகிற சனிக்கிழமை வேலை. தொழிற்சாலையிலிருந்து வட்டமாகத் துளைக்கும் வாள் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன். முதலில் மாமாவின் படகு. அது சரியாக வந்தால் மஞ்சள், பிறகு மற்ற இரண்டு. பழையதை அடைத்துவிட்டு, புதுத் துவாரம் தொட்டியின் அடியோடு ஒட்டி, உள்ளே ஒரு அடைப்பு நாக்கோடு. மழை வெளியே போகும், நீர்த்தேக்கம் உள்ளே வராது. வெட்டிய விளிம்பில் பலகை தெரியும்; அதை ரெசினால் மூடாவிட்டால் மறுபடி பேனா இறங்கும். ஹார்ட்னரை இந்த முறை நானேதான் கலக்க வேண்டும். பழைய யோகட் கோப்பைகளில் கலந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கோப்பை சூடேறி உருகிவிட்டன. மூன்றாவது இன்னும் பிசுபிசுக்கிறது. நான்காவது நேற்றுக் கல்லுப்போல் இறுகியது.

அச்சு மிச்சம் இருக்கிறது. அதிலும் துவாரத்தின் அடையாளம் இரண்டு அங்குலம் மேலேதான். நாலாவது வாலுக்குச் சொல்லி வைத்திருக்கிற ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் அந்த அடையாளத்தைக் கீழே இறக்க, ஞாயிற்றுக்கிழமை டிரில்லோடு கொட்டகைக்குப் போகிறேன். அவருடைய அச்சில் கை வைப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்பேன். மாட்டேன் என்றால் என்ன செய்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.